வாழையா, எலுமிச்சையா, அத்தியா? பனி ஊரில் தொட்டிப் பழச்செடி வாங்கும் முன்

"அக்கா, பையன் சிகாகோவுல ஒரு வாழைக்கன்னு வாங்கப்போறானாம். வீட்டுக்குள்ளேயே வெச்சு வளர்க்கலாம்னு சொல்றான். வாங்கட்டுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தோழி போன வாரம் மாடிக்கு வந்து இப்படிக் கேட்டார். என் மாடியில் முப்பது தொட்டிகள் இருக்கின்றன, அவற்றில் ஏழு பழச்செடிகள். ஆனால் அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் அது மட்டுமல்ல. மகளின் பிரசவத்துக்காக 2024 செப்டம்பரில் டொரன்டோ போய், மறு வருடம் மார்ச் கடைசியில் திரும்பினேன். பேரனைப் பார்த்துக்கொண்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் மகள் வீட்டுத் தொட்டிகளோடுதான் போயிற்று. ஒரு முழுக் குளிர்காலத்தைச் செடிகளோடு வீட்டுக்குள் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "உங்க பையன் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரியே போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்: வாடகை வீடு, மூன்றாவது மாடி, கூடத்தில் தெற்கு பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று, படுக்கையறையில் வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று, பால்கனி சின்னது, கார் ஷெட் கிடையாது. இந்தத் தகவல் கையில் இருந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். எந்தப் பழம் சாப்பிட ஆசை என்பதிலிருந்து தொடங்கினால் தவறான செடியில் போய் முடியும். அந்தச் செடி அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எங்கே இருக்கப்போகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குளிர் மட்டுமா பிரச்சினை?

நாம் எல்லோரும் முதலில் நினைப்பது குளிரைத்தான். டொரன்டோவில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம். ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் 21 டிகிரி இருக்கும். நம் மார்கழி ராத்திரி மாதிரி. அப்படியானால் செடி சந்தோஷமாக இருக்க வேண்டுமே? இருக்காது, ஏனென்றால் அங்கே உண்மையான பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான்.

டிசம்பர் 21 அன்று சென்னையில் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். டொரன்டோவில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அன்று உச்சி வேளையில் நமக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அங்கே 23 டிகிரிதான். நம் ஊரில் மாலை நாலரை மணி வெயில் எப்படிச் சாய்ந்து விழுமோ, அங்கே நண்பகலிலேயே அப்படித்தான் விழும். அதிலும் பல நாள் மேகமூட்டம். போதாததற்கு ஜன்னல் கண்ணாடி வேறு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நம் கண்ணுக்கு அறை பளிச்சென்று இருக்கிற மாதிரி தெரியும், அதை நம்பக் கூடாது. நேர்வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும், ஜன்னலிலிருந்து ஆறேழு அடி உள்ளே வந்தால் சில நூறு லக்ஸ்தான் மிஞ்சும். நம் கண் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. இலையால் அப்படி மாறிக்கொள்ள முடியாது.

இதன் விளைவை நான் சென்னையிலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, காற்றுக்குப் பயந்து எல்லாத் தொட்டிகளையும் மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்தோம். தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, மறுபடி ஏற்றுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. குளிர் இல்லை, மழை நனைக்கவில்லை, ஆனாலும் கொய்யாவில் அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. வெதுவெதுப்பான இருட்டுதான் அதற்குக் காரணம்.

செடியின் வரவு செலவை யோசித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் அது சர்க்கரை செய்து சேர்க்கிறது, அது வரவு. இரவும் பகலும் மூச்சு விட்டு அதைச் செலவழிக்கிறது. சூடு ஏற ஏற மூச்சு வேகமாகும், செலவும் கூடும். 21 டிகிரி சூட்டில் மங்கல் வெளிச்சத்தில் வைத்தால் செலவு நம் ஊர் அளவு, வரவோ டொரன்டோ அளவு. செடி கையிருப்பைக் கரைத்துக்கொண்டே வெளிறிப்போன நீளக் கொழுந்துகளை விடும், கடைசியில் இலையைக் கொட்டும். ஆகவே சூடும் வெளிச்சமும் சேர்ந்தே போக வேண்டும். சூடு அதிகம் என்றால் வெளிச்சமும் அதிகம் வேண்டும். வெளிச்சம் குறைவு என்றால் சூட்டையும் குறைத்துச் செடியை ஓய்வெடுக்க விட வேண்டும். எந்தச் செடி, எந்த இடம் என்ற கேள்விக்கெல்லாம் நான் இதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

செடி குளிர்காலத்தைக் கழிக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, சூடான கூடம். தெற்கு பார்த்த ஜன்னல், அதற்கு மேல் ஒரு எல்இடி வளர்ப்பு விளக்கு. செடி விழித்தே இருக்கும். விளக்கை இலைக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு டைமர் போட்டு, தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட வேண்டும். 100 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். இரண்டு மாத ஈபி பில் கணக்கில் பார்த்தால் 72 யூனிட் கூடுதல். அக்டோபர் முதல் மார்ச் வரை 220 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பெரிய செலவு இல்லை. விளக்கு இல்லாமல் ஜன்னலை மட்டும் நம்பினால் தப்பிக்கும் செடிகள் மிகச் சில.

இரண்டாவது, குளிர்ந்த ஆனால் வெளிச்சமான அறை. ஹீட்டர் போகாத கண்ணாடித் தாழ்வாரம், அல்லது 8 முதல் 13 டிகிரி வரை இருக்கும் ஓர் ஓரத்து அறை. இது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐரோப்பாவில் அரண்மனைக்காரர்கள் ஆரஞ்சு மரங்களை இப்படித்தான் காப்பாற்றினார்கள். பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சு மண்டபம் 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டப்பட்டது. தடித்த சுவர்களும் தெற்கு பார்த்த உயரமான ஜன்னல்களும்தான் குளிரைத் தாங்குகின்றன. இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பெட்டிச் செடிகள் அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. அங்கே மரங்கள் வளர்வதில்லை, காத்திருக்கின்றன.

மூன்றாவது, குளிர்ந்த இருட்டு. கார் ஷெட், அல்லது சூடாக்காத பேஸ்மென்ட். 0 முதல் 7 டிகிரி வரை. இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும் செடிகளுக்கு மட்டும்தான் இந்த இடம் சரி. இலை இல்லாததால் வெளிச்சம் தேவையில்லை, மாதம் ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் போதும். இலை உதிர்க்காத மாவையோ கொய்யாவையோ இங்கே வைத்தால் பிழைக்காது.

தனியாகக் கண்ணாடிக் குடில் கட்டி ஹீட்டர் போடுவதும் உண்டு. சொந்த வீடும், நிலமும், எரிபொருளுக்குப் பணமும் உள்ளவர்களுக்கு அது. அந்த வழிக்குள் நான் போகவில்லை.

எலுமிச்சைக் குடும்பம்

என் முதல் சிபாரிசு இதுதான், காரணங்களோடு சொல்கிறேன். நம் ஊரில் தினம் பிழியும் உருண்டை எலுமிச்சைக்கு அங்கே கீ லைம் என்று பெயர். வாசனையில் அதை அடிக்க எதுவும் இல்லை, ஆனால் அந்தக் குடும்பத்திலேயே குளிரைச் சரியாகத் தாங்காத பிள்ளை அது. மேயர் எலுமிச்சை அதைவிடத் திடமானது. பிராங்க் மேயர் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் 1908-ல் சீனாவிலிருந்து கொண்டுவந்தது, சீனாவில் அது அப்போதே தொட்டியில் அழகுச்செடியாக வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் வந்த செடிகளில் ஒரு வைரஸ் இருந்தது. அது நீக்கப்பட்ட ரகத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1975-ல் வெளியிட்டது. இன்று கடையில் கிடைப்பது அதுதான். உயரம் போகாது, இன்னொரு செடியின் மகரந்தம் இல்லாமலே காய்க்கும், இரண்டு மூன்று அடிச் செடியே பிஞ்சு பிடிக்கும்.

சமையல் பக்கம் இருந்து ஒரு குறை சொல்லியாக வேண்டும். மேயரில் புளிப்பு குறைவு, கொஞ்சம் ஆரஞ்சு வாடை வரும். எலுமிச்சை சாதத்துக்கு ஒரு பழத்துக்குப் பதில் ஒன்றரை பிழிய வேண்டியிருந்தது. ஊறுகாய்க்கு எனக்குத் திருப்தி இல்லை. ஊறுகாயும் ரசமும்தான் முக்கியம் என்றால் கலமொண்டின் என்ற குட்டி ஆரஞ்சு நல்லது. பார்க்க கோலிக்குண்டு அளவு ஆரஞ்சு, உள்ளே நல்ல புளிப்பு. பிலிப்பைன்ஸ்காரர்கள் நாம் எலுமிச்சை பிழிவது போல இதைத்தான் எல்லாவற்றிலும் பிழிவார்கள். வீட்டுக்குள் வளர்க்க இந்தக் குடும்பத்தில் மிகவும் பொறுமையான செடி இது என்பது என் அனுபவம்.

எலுமிச்சைக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு, இதில்தான் மகள் வீட்டுச் செடி சிக்கிக்கொண்டது. வேர்ப்பகுதி 13 டிகிரிக்குக் கீழே போனால் வேர் வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெயில் இலையில் அடித்தால் இலை சூடாகித் தண்ணீர் கேட்கும். வேரால் கொடுக்க முடியாது. செடி இலையைக் கொட்டிவிடும். மகள் அந்தத் தொட்டியைக் கண்ணாடிக் கதவை ஒட்டிச் சில்லென்ற டைல் தரையில் வைத்திருந்தாள். நவம்பரில் இரண்டே வாரத்தில் பாதி இலை போயிற்று. நான் சென்னைப் பழக்கத்தில், வாடுகிறது என்று நினைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினேன். குளிர்ந்த வேருக்கு அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. இன்னும் கொட்டியது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கர்ப்பமாக இருந்த நாட்களில் அந்தச் செடியை அவள் அவ்வளவு ஆசையாக வாங்கியிருந்தாள்.

அப்புறம்தான் தொட்டியைத் தரையிலிருந்து தூக்கினோம். டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மோகோல் பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஒரு மரப்பலகை, அதன்மேல் தொட்டி. கதவிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, மேலே விளக்கு. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர். அது பத்து நாளைக்கு ஒருமுறைதான் தேவைப்பட்டது. ஜனவரி நடுவில் புதுக் கொழுந்து வந்தது. பிப்ரவரி கடைசியில் பூத்தது. வெளியே முழங்கால் அளவு பனி, கூடம் முழுக்க எலுமிச்சைப்பூ வாசனை. பேரனைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருப்பேன். வீட்டுக்குள் தேனீ வராதல்லவா, பேரனின் பெயின்ட் பிரஷ் என்று சொல்லி வாங்கி வைத்திருந்த சின்ன பிரஷால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிவிட்டேன். பூவிலிருந்து பழம் பழுக்க ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். எனவே பிப்ரவரிப் பூ வெளியே வெயில் காய்ந்து, அடுத்த குளிருக்கு உள்ளே வரும்போது பழுக்கும்.

விதை போட்டு வளர்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். முளைக்கும், ஆனால் காய்க்க ஐந்து வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஒட்டுச்செடி இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். வாடகை வீட்டில் இருப்பவர் ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டும்.

வாழை என்ற ஆசை

தோழியின் பையன் ஆசைப்பட்டதால் இதைச் சரியாக எடைபோட வேண்டும். குட்டை கேவண்டிஷ் ரகம்தான் வீட்டுக்குள் வளர்க்க என்று விற்கப்படும். குட்டை என்றாலும் ஆறேழு அடி போகும். இன்னும் குட்டையான ரகம் நான்கு அடியில் நிற்கும். சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாழை குலை தள்ளுவதற்கு முன் முப்பது, நாற்பது இலை விட்டாக வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் வாரத்துக்கு ஒரு இலை விரியும், அதனால் ஒரு வருடத்துக்குள் குலை. சிகாகோவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே வைத்தால் பதினைந்து, பதினாறு இலை வரும். வீட்டுக்குள் குளிர்காலத்தில் மாதம் ஒன்று வந்தாலே பெரிது. 14 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றேவிடும். இரண்டு மூன்று வருடம் கழித்துக் குலை வந்தாலும், அது நவம்பரில் வந்து நின்றால் காய் பருக்காது.

இலை இன்னொரு தொல்லை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரம் 25, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, அதையே சூடாக்கும்போது இன்னும் வறண்டுபோகிறது. ஐப்பசி மழையில் 80 சதவீத ஈரத்தில் வாழும் நமக்கே அங்கே உதடு வெடிக்கிறது. வாழை இலையின் ஓரம் காகிதம் மாதிரி காயும், செஞ்சிலந்திப்பேன் கூட்டமாக வரும்.

ஆனால் பழத்துக்காக இல்லாமல் இலைக்காகவும் பச்சைக்காகவும் வளர்ப்பதென்றால் வாழையைப் போல வீட்டுக்கு நம் ஊர் முகத்தைக் கொடுக்கும் செடி வேறில்லை. வேலை முடிந்து வரும் பையனுக்கு அது போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். பொங்கலுக்கு ஒரு இலை அறுத்துப் போட்டாலும் மனசு நிறையும். பழம் கேட்டால் மட்டும் வேண்டாம் என்பேன். 10 டிகிரி அளவில் பேஸ்மென்ட் இருப்பவர்கள் இலைகளை அறுத்துவிட்டுத் தண்டை மட்டும் ஏறக்குறைய காய்ந்த மண்ணில் தூங்கவைத்து மே மாதம் எழுப்புகிறார்கள். சிகாகோ பையனிடம் அதுவும் இல்லை.

தூங்கத் தெரிந்த அத்தி

டொரன்டோ போன பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. இங்கே நாம் தெருவோரம் பார்க்கும் நாட்டு அத்தி வேறு. உலர்ந்து பாக்கெட்டில் வருகிறதே, அந்தச் சீமை அத்தியைச் சொல்கிறேன். வெப்பமண்டல மரம் என்று கறாராகச் சொல்ல முடியாது, மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். இலை உதிர்க்கும். அதுதான் அதன் பலம். இலையுதிர்காலத்தில் இலை எல்லாம் விழுந்ததும் கார் ஷெட்டில் தள்ளிவிட்டால் ஏப்ரல் வரை மறந்துவிடலாம். விளக்கு வேண்டாம், பூச்சித் தொல்லை இல்லை, இடமும் வீட்டுக்குள் வேண்டாம். வீட்டில் வளர்க்கும் பொது ரகங்களுக்கு மகரந்தச் சேர்க்கை கூடத் தேவையில்லை, அவை தானாகவே காய்க்கும். வட அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் தோட்டத்து அத்தி மரத்தையே வளைத்துப் பள்ளத்தில் படுக்கவைத்து மண் மூடி, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார்களாம். மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கையால் காட்டி விளக்கினார். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை, அத்தி மீது அவருக்கு இருந்த பாசம் முழுதாகப் புரிந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஷெட்டில் பிப்ரவரியிலேயே சூடு ஏறினால் அத்தி சீக்கிரம் விழித்து வெள்ளைக் கொழுந்து விடும். அப்போது ஜன்னலோரம் கொண்டுவந்துவிட வேண்டும்.

மாதுளையும் இதே போலத் தூங்கும். ஆனால் பூவிலிருந்து பழம் பழுக்க ஐந்தாறு மாதம் கேட்கும். டொரன்டோ கோடைக்கு அது நீளம். பழம் பழுக்குமுன் குளிர் வந்துவிடும். அத்திக்கும் மாதுளைக்கும் இடையில் அத்தியைத்தான் எடுப்பேன்.

கொய்யா, அன்னாசி, மற்றவை

கொய்யா அத்திக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் இருக்கிறது. முழுத் தூக்கமும் போடாது, எலுமிச்சை அளவு முறைத்துக்கொள்ளவும் செய்யாது. குளிர்ந்த வெளிச்ச அறையில் சில இலைகளைக் கொட்டிவிட்டு அமைதியாக இருக்கும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் மார்ச்சில் நன்றாகக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), விளக்குக்கு அடியில் கொழுந்து விடவைத்தால், மே மாதம் பூவோடு வெளியே போகும். நான்கு ஐந்து மாதத்தில், அதாவது செப்டம்பர், அக்டோபரில் பழம். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. பதியன் போட்ட செடியாக வாங்க வேண்டும். செதில்பூச்சியும் வெள்ளை ஈயும் இதை விடாது என்பதால், வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். அந்தப் பொறுமை இருந்தால், ஒரே ஒரு கொய்யா பழுத்தாலும் வீடு முழுக்க மணக்கும்.

அன்னாசிக்குச் செலவே இல்லை. கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, இரண்டு நாள் காயவிட்டு நட்டால் போதும். வறண்ட காற்றைப் பற்றிக் கவலைப்படாது, தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது. ஆனால் பழம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். செடி பெரிதாகியும் பூக்கவில்லை என்றால், நன்றாகப் பழுத்த ஆப்பிள் இரண்டை அதன் அடியில் வைத்து, மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரால் சில நாள் மூடி வைக்க வேண்டும். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அன்னாசியைப் பூக்கவைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்.

மா வேண்டாம். ஒட்டுக்கன்று, குட்டை ரகம் எல்லாம் உண்டு, ஆனால் அது கேட்கும் வெளிச்சத்தைக் கூடத்து விளக்கால் கொடுத்து முடியாது. பப்பாளியும் வேண்டாம், குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும்.

பழம் இல்லை என்றாலும் எல்லோரும் கேட்பதால் கறிவேப்பிலை பற்றி ஒரு வார்த்தை. அது எலுமிச்சைக்கு உறவு. குளிர்காலத்தில் இலை கொட்டினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள். இந்த உறவினால்தான் இன்னொரு சிக்கலும் வருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பச்சையாக்க நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஆகவே இங்கிருந்து கன்றோ இலையோ பெட்டியில் வைத்துக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். அமெரிக்காவும் கனடாவும் அனுமதியும் செடிநலச் சான்றிதழும் இல்லாமல் கன்றுகளை உள்ளே விடமாட்டார்கள், தொட்டி மண்ணை விடவே மாட்டார்கள். எந்தச் செடியானாலும் அங்கே உள்ள நர்சரியில் வாங்குவதுதான் முறை.

இரண்டு வீடுகளுக்கு என் முடிவு

மகள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது, அது உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கிறது. கூடத்தில் ஏற்கெனவே எலுமிச்சை. எனவே அவளுக்கு அடுத்த செடி அத்தி என்று முடிவு செய்தோம். இரண்டாவது எலுமிச்சை வாங்கினால் இரண்டாவது விளக்கும், இன்னும் நான்கு அடி இடமும் வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது நடக்காது. அத்தி ஆறு மாதம் யாரையும் தொந்தரவு செய்யாது.

சிகாகோ பையனுக்கு ஷெட் இல்லை, எனவே அத்தி தள்ளுபடி. சூடான கூடமும் தெற்கு ஜன்னலும்தான் இருக்கின்றன. சாய்ந்த சூரியனில் ஒரு நன்மை உண்டு: தெற்கு ஜன்னல் வழியாக அது அறைக்குள் நீளமாக நுழையும். அதோடு ஒரு விளக்கு. அந்த இடத்துக்கு இரண்டடித் தொட்டியில் நிற்கும் செடி வேண்டும், பழம் தர வேண்டும், வீடு மாறினால் காரில் ஏற வேண்டும். கலமொண்டின் அல்லது மேயர். அவன் சமையல் செய்வானா என்று தோழியிடம் கேட்டேன். ரசம் மட்டும் தவறாமல் வைப்பானாம். அப்படியானால் கலமொண்டின். கூடவே ஒரு அன்னாசிக் கொண்டையும் நடட்டும், அதற்குக் காசு இல்லை.

செய்ய வேண்டியதையும் எழுதிக் கொடுத்தேன். கோடை முழுக்கப் பால்கனியில் இருக்கட்டும். இரவுக் குளிர் 13 டிகிரிக்கு இறங்கும் முன், அதாவது செப்டம்பர் நடுவிலேயே, உள்ளே வந்துவிட வேண்டும். வருவதற்கு முன் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். இலையின் அடிப்புறம் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், மாவுப்பூச்சி ஒன்று தப்பி உள்ளே வந்தாலும் ஹீட்டர் சூட்டில் கூட்டமாகிவிடும். ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு நேரே தொட்டி இருக்கக் கூடாது. பத்து நாளைக்கு ஒருமுறை குளியலறை ஷவரில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினால் சிலந்திப்பேன் அண்டாது. திரும்ப வெளியே போவது மே கடைசியில். கனடாவில் விக்டோரியா தினம் என்ற மே மாத விடுமுறை முடியட்டும் என்பார்கள், சிகாகோவுக்கும் ஏறக்குறைய அதே சமயம்தான். அப்போதும் நேராக வெயிலில் வைத்துவிடக் கூடாது. கத்திரியில் நாம் நிழல்வலை கட்டுவது மாதிரி, எட்டு மாதம் வெளி வெயில் பார்க்காத இலைக்கு அந்த ஊர் வெயிலே கத்திரிதான்.

தோழி அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினார். மறுநாள் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது: தெற்கு ஜன்னல், தரையில் விழுந்த வெயில், அதன் ஓரத்தில் அளவு நாடா. வெயில் ஐந்தடி உள்ளே வந்திருந்தது. "ஆன்ட்டி, இது போதுமா?" என்று கேட்டிருந்தான். இது கோடையில் எடுத்த படம், டிசம்பரில் இதைவிட இன்னும் உள்ளே வரும், ஒரு தொட்டிக்குத் தாராளம், தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் மட்டும் மறக்காதே என்று பதில் போட்டேன்.